கறுப்புத் திரைக்கு முன்னால்: ஆர்ச் லினக்ஸ் பழக வருவோருக்கு

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதற்குப் பிறகு எங்கள் சபைக் குடும்பங்களில் ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வந்தது. "நல்லா ஓடுற லாப்டொப். இதை என்ன செய்யிறது?" விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொள்ளும் புரொசசர் பட்டியலில் உங்களுடையதும் இருக்க வேண்டும். பத்து வருடப் பழைய மடிக்கணினிகள் பல அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. திரையும் நல்லது, விசைப்பலகையும் நல்லது, ஆனால் அலுமாரிக்குள் போய்விட்டன.

வாலிபர் ஐக்கியத்தில் இதைப் பற்றிக் கதைத்தபோது லினக்ஸ் போடலாம் என்ற யோசனை வந்தது. அதுவரை எல்லாம் சரி. உபுண்டு, மின்ற் என்று சுலபமானவை எத்தனையோ இருக்க, எங்கள் தம்பிமார் தெரிவு செய்தது ஆர்ச் லினக்ஸை. "ஸ்டீம் டெக்கில இருக்கிறதும் இதுதான் அக்கா" என்பது அவர்களின் நியாயம். அது பொய்யும் அல்ல. 2022 பெப்ரவரியில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவியில் ஓடும் ஸ்டீம்ஓஎஸ் 3, ஆர்ச்சின் மேல் கட்டப்பட்டதுதான்.

இதை எழுதும் நாங்கள் கணினி படித்தவர்கள் அல்லர், தாதியர். பிள்ளைகள் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து சாப்பாடு கொடுக்கத்தான் முதலில் போனோம். பிறகு நாங்களும் ஒரு பழைய கணினியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சில சனிக்கிழமைகளுக்குப் பிறகு எங்களுக்கு ஒன்று விளங்கியது: இதற்கு வேண்டிய பழக்கங்களில் பெரும்பாலானவை வைத்தியசாலை வார்ட்டில் நாங்கள் தினமும் பாவிப்பவை. "கொம்பியூட்டர் மூளை" என்று எங்கள் வீடுகளில் சொல்லுகிற அந்த ஏதோ ஒன்று இதற்குத் தேவைப்படவில்லை.

முதலில் ஆர்ச் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறோம். 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கேர்னல்தான் லினக்ஸ். கேர்னல் என்பது கணினியின் உறுப்புகளோடு நேரடியாகப் பேசும் மையப் பகுதி. அது மட்டும் இருந்தால் நீங்கள் ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது. அதோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கட்டித் தருபவற்றையே விநியோகங்கள் என்கிறார்கள். அதில் ஒன்றுதான் ஆர்ச். இதைத் தொடங்கியவர் இந்த நாட்டவர்: ஜட் வினெட் என்ற கனடிய நிரலாளர், இடையிடையே கிற்றார் வாசிப்பவர். க்ரக்ஸ் என்ற இன்னொரு சிறிய விநியோகத்தின் எளிமை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் மென்பொருளை நிறுவி, புதுப்பித்து, அகற்றும் நல்ல கருவி ஒன்று அதில் இல்லையென்று பட்டது. அதனால் பக்மன் என்ற கருவியைத் தானே எழுதினார். ஆர்ச்சின் முதல் பதிப்பு 2002 மார்ச் 11இல் வந்தது. 2007இல் பொறுப்பை ஆரன் கிரிஃபின் என்ற அமெரிக்கரிடம் கொடுத்துவிட்டு அவர் விலகிக்கொண்டார். 2020இலிருந்து லெவன்ட்டே போல்யாக் என்பவர் அதன் தலைவராக இருக்கிறார். இன்றும் தொண்டர்கள்தான் இதை நடத்துகிறார்கள்.

ஆர்ச்சைச் செய்பவர்கள் தங்கள் கொள்கையை ஒளிக்கவில்லை. எல்லோருக்கும் இலகுவாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம் அல்ல. வாசிக்கவும் தானே செய்து பார்க்கவும் ஆயத்தமாக இருப்பவரை மனதில் வைத்தே அதைச் செய்கிறார்கள். வாங்கியவுடன் குடிபோகும் அப்பார்ட்மென்ட் ஒன்று. காணியும் கல்லும் மரமும் தந்து "கட்டிக்கொள்" என்பது இன்னொன்று. ஆர்ச் இரண்டாவது வகை. என்ன அறை வேண்டும், ஜன்னல் எங்கே என்றெல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஜன்னல் இருக்காது.

ஆகவே அம்மா வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியில் ஆர்ச் போடாதீர்கள். அப்பப்பா தமிழ்ச் செய்தி வாசிக்கும் கணினிக்கு மின்ற் போதும். அதில் ஒரு குறைவும் இல்லை. ஆர்ச் பழக வேண்டியது யாருக்கும் அவசரமாகத் தேவைப்படாத ஒரு பழைய இயந்திரத்தில். அல்லது வெர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மென்பொருளுக்குள், கணினிக்குள் ஒரு பாவனைக் கணினியாக. அங்கே எத்தனை தரமும் உடைக்கலாம்.

நிறுவுவதற்கான கோப்பு ஒரு ஜிபிக்குச் சற்று மேல். மாதம் ஒருமுறை புதிதாக வெளியிடுகிறார்கள். அதை ஒரு யூஎஸ்பி குச்சியில் எழுதி, அந்தக் குச்சியிலிருந்து கணினியைத் தொடங்கவேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஆர்ச்சின் குச்சி செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கும்போது தொடங்காது. அதை நிறுத்தினால்தான் வழிவிடும். ஆனால் பல விண்டோஸ் கணினிகளில் வட்டு பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. செக்யூர் பூட்டை மாற்றிய பிறகு விண்டோஸுக்குள் திரும்பப் போனால் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கக்கூடும். அந்த எண் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கலாம், அப்பாவின் பழைய கணக்கில் இருக்கலாம், ஒருவருக்கும் கடவுச்சொல் ஞாபகமில்லாத கணக்கிலும் இருக்கலாம். முதலில் அதை எடுத்துக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு மற்றவை.

குச்சியிலிருந்து தொடங்கியதும் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் ஒரு வரி எழுத்து, பக்கத்தில் மினுங்கும் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான். "அடுத்தது" என்று அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அது பயச் சிரிப்பு என்று எங்களுக்குத் தெரியும். முதல்நாள் வார்ட்டுக்கு வரும் மாணவத் தாதியரும் இப்படித்தான் சிரிப்பார்கள். நீங்கள் அப்போது ரூட் என்ற மூலப் பயனராக நிற்கிறீர்கள், அதாவது எல்லா அறைக்கும் திறப்பு உங்கள் கையில். இயந்திரம் உங்களிடம் "நிச்சயமா?" என்று அநேகமாகக் கேட்காது. சொன்னதைச் செய்துவிடும்.

வைஃபையை இணைப்பது முதல் வேலை. அதற்கு ஐடபிள்யூசிடிஎல் என்ற சிறு கருவி இருக்கிறது. பழைய கணினிகளில் சில வைஃபை சில்லுகள் இந்தக் கட்டத்தில் பேச மறுக்கும். அப்படியானால் கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் சரிவரும்.

அடுத்த கட்டம்தான் பயப்பட வேண்டிய கட்டம். வட்டைப் பிரித்து, பழையதை அழித்து, புதிதாக ஒழுங்குபடுத்துவது. இங்கே நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி ஒருவர், வீட்டுப் படங்களையெல்லாம் வெளி வட்டு ஒன்றில் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்தவர். ஆனால் அந்த வட்டைக் கழற்ற மறந்துவிட்டார். அவர் பார்த்து வந்த காணொளியில் "எஸ்டிஏ என்று அடியுங்கள்" என்று சொல்லியிருந்தார்கள். லினக்ஸ் வட்டுகளைக் கண்டுபிடிக்கும் ஒழுங்கில் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் வைக்கிறது. அன்றைக்கு அந்தக் கணினியில் எஸ்டிஏ என்று பெயர் பெற்றிருந்தது வெளி வட்டு. அதில் அவருடைய அம்மா அப்பாவின் யாழ்ப்பாணக் கல்யாணப் படங்கள், அம்மம்மா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் எடுத்த காணொளிகள் எல்லாம் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. பழைய கணினியின் வட்டுத்தான் மற்றப் பிரதி, அதை அவர் அழிக்கப்போகிறார்.

எல்எஸ்பிஎல்கே என்று ஒரு கட்டளை இருக்கிறது. இணைக்கப்பட்டிருக்கும் வட்டுகளையெல்லாம் அளவோடு வரிசைப்படுத்திக் காட்டும். அதை அடித்துப் பார்க்கச் சொன்னோம். முதல் வரி 931.5 ஜி, இரண்டாவது 238.5 ஜி, மூன்றாவது 14.9 ஜி. "என்ரை லாப்டொப் 256 எல்லோ, இதிலை ஒண்டும் 256 இல்லையே" என்றார் தம்பி. கேள்வி நல்ல கேள்வி. வட்டுச் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணிப் பெட்டியில் போடுகிறார்கள். இந்தக் கட்டளை 1024, 1024ஆக எண்ணுகிறது. அதனால் பெட்டியில் 256 என்று இருப்பது இங்கே 238.5 ஆகவும், ஒரு டெராபைற் என்பது 931.5 ஆகவும் தெரியும். 16 ஜிபி குச்சிதான் அந்த 14.9. இதைச் சொல்லி முடிக்கும்போது தம்பியின் முகம் மாறிவிட்டது. முதல் வரியில் இருப்பது எது என்று அவருக்கே விளங்கிவிட்டது.

ஒன்றும் அழியவில்லை. எஃப்டிஸ்க் என்ற கருவியில் நீங்கள் செய்யும் மாற்றங்கள் டபிள்யூ என்ற எழுத்தை அடிக்கும்வரை வட்டில் எழுதப்படுவதில்லை. கியூ அடித்தால் ஒன்றும் நடக்காததுபோல வெளியே வந்துவிடலாம். தம்பி கியூ அடித்தார். வெளி வட்டைக் கழற்றி அவருடைய பைக்குள் வைத்தோம். பிறகு நாங்கள் எல்லோரும் தேத்தண்ணீர் குடித்தோம்.

வார்ட்டில் நோயாளியைக் கட்டில் இலக்கத்தை வைத்து அடையாளம் காண எங்களுக்கு அனுமதி இல்லை. நான்காம் கட்டிலில் நேற்று இருந்தவர் இன்று இரண்டாம் கட்டிலில் இருக்கலாம், வீட்டுக்கே போயிருக்கலாம். கையில் கட்டியிருக்கும் பட்டியைப் பார்த்து, பெயரையும் பிறந்த திகதியையும் ஒத்துப்பார்த்த பிறகுதான் மருந்து. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று முதல் வருடத்திலேயே மனப்பாடமாக்குவார்கள். எஸ்டிஏ என்பது கட்டில் இலக்கம். லினக்ஸை எழுதியவர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரியும். அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண் கொடுக்கப்படுகிறது. எந்தப் பாகத்தை எங்கே இணைப்பது என்று கணினி தொடங்கும்போது பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த எண்ணைத்தான் எழுதி வைக்கிறோம். பெயர் மாறினாலும் எண் மாறாது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எங்களுக்கு அரை நிமிடம் போதும். கணினிக்காரர் ஒருவர் விளக்கியிருந்தால் இன்னும் நேரம் எடுத்திருக்கும் என்று நினைத்து எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது.

வட்டு ஆயத்தமானதும் பக்ஸ்ட்ராப் என்ற கட்டளை அடிப்படைப் பொதிகளை இறக்கி எழுதும். பிறகு ஆர்ச்-குரூட் என்ற கட்டளையால், இன்னும் முடியாத அந்தப் புது வீட்டுக்குள் போய் நின்று மற்ற வேலைகளைச் செய்யலாம். நேர வலயத்துக்கு ரொறன்ரோவைத் தெரிவு செய்வது, மொழி, கணினியின் பெயர், ரூட் கடவுச்சொல். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை பழுது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கடைசியாக பூட் லோடர். கணினியை முடுக்கியதும் கேர்னலைத் தேடி எழுப்பிவிடுவது அதுதான். அதைப் போடாமல் மீளத் தொடங்கினால் உள்ளே எல்லாம் இருந்தும் கதவு இருக்காது.

இதெல்லாம் முடிந்து, குச்சியைக் கழற்றி, மீளத் தொடங்கி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு உள்ளே விட்டதும் ஒரு ஆரவாரம். பிறகு எதையாவது நிறுவப் பார்த்தால் இணையம் இல்லை. இது நடக்காத புதியவர் குறைவு. குச்சியில் ஓடிய ஆர்ச் தனக்கு வேண்டிய வலைக்கருவிகளைத் தன்னோடு கொண்டுவந்திருந்தது. உங்கள் புது ஆர்ச்சிலோ நீங்கள் கேட்டவை மட்டும் இருக்கும். நெட்வேர்க் மனேஜரை நீங்கள் கேட்கவில்லை என்றால் அது இல்லை. கேட்டிருந்தாலும், ஒவ்வொரு தரமும் தானாகத் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்காவிட்டால் சும்மா படுத்திருக்கும்.

எங்கள் குழுவில் மூன்று பேர் இந்த இடத்தில் "முதல்லயிருந்து தொடங்குவம்" என்றார்கள். வேண்டாம். குச்சியைத் திரும்பச் செருகி, அதிலிருந்து தொடங்கி, உங்கள் பாகத்தை இணைத்து, ஆர்ச்-குரூட்டால் உள்ளே போய், விடுபட்டதை நிறுவிவிட்டு வெளியே வாருங்கள். பத்து நிமிட வேலை. ஆர்ச் பழகுவதில் இந்தப் பத்து நிமிடம்தான் மிகவும் பெறுமதியானது என்பது எங்கள் அபிப்பிராயம். உடைந்த கணினியை வெளியில் நின்று திறந்து திருத்தலாம் என்று தெரிந்துவிட்டால் அதன் பிறகு பயம் பாதியாகிவிடும்.

ஆர்ச்சிலும் ஆர்ச்-இன்ஸ்டால் என்று கேள்வி கேட்டுத் தானே நிறுவிவிடும் கருவி இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து அது குச்சியிலேயே வருகிறது. அதைப் பாவிப்பது ஏமாற்று என்று சொல்லும் சில பெரிய ஆட்கள் உண்டு. எங்களுக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. ஆனாலும் முதல் தரம் கையால் செய்யுங்கள். ஒரு தரம் ஊசி மருந்தைத் தானே அளந்து எடுத்தவருக்குத்தான் இயந்திரம் காட்டும் அளவு பிழை என்று கண்ணில் படும்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பெற்றோர் கோபிப்பார்கள். புதிதாக நிறுவிய ஆர்ச்சில் உலாவியைத் திறந்து தமிழ்ப் பக்கம் ஒன்றுக்குப் போனால் எழுத்துக்குப் பதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியக்கூடும். தமிழ் எழுத்துரு ஒன்றும் இல்லாததுதான் காரணம்; அதையும் நீங்கள்தான் கேட்க வேண்டும். கூகுளின் நோட்டோ எழுத்துருப் பொதியைப் பக்மனால் நிறுவினால் தமிழ் வந்துவிடும். இந்தக் கட்டங்களுக்கு ஆங்கிலத்தில் டோஃபு என்று செல்லப் பெயர். டோஃபு இல்லாமல் செய்வோம் என்பதிலிருந்துதான் நோட்டோ என்ற பெயரே வந்தது. தட்டச்சுக்கு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவியை எம்17என் என்பதோடு சேர்த்து நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் முறையும், எங்கள் அப்பாமார் ஊரில் தட்டச்சுப் படித்தபோது பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். கேடிஈ, க்னோம் ஆகிய இரண்டு முகப்புகளிலும் பட்டியல்களைத் தமிழில் பார்க்கலாம். தொண்டர்கள் மொழிபெயர்த்தவை, சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். ஒன்று மட்டும் கவனம்: ஆரம்பக் கறுப்புத் திரை தமிழை ஒழுங்காகக் காட்டாது. நிறுவும்போது மொழியை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, வரைகலை முகப்பு வந்த பிறகு தமிழுக்கு மாற்றுங்கள். ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்டும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: அந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட ஓப்பன்எல்பி என்ற கட்டற்ற மென்பொருள் லினக்ஸிலும் ஓடும்.

இனி, உதவி கேட்பது. இதில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் இடறுகிறார்கள் என்று நினைக்கிறோம். ஒன்றில் வெட்கத்தில் கேட்பதே இல்லை. அல்லது "வைஃபை வேலை செய்யேல்ல" என்று மூன்று சொல்லில் கேட்டுவிட்டு, பதில் சொல்பவர் எரிந்து விழுந்ததும் மனம் உடைந்து போகிறார்கள். ஆர்ச் பாவிப்பவர்களில் சிலருக்கு வாய் கொஞ்சம் கூர்மை. அதை மறைக்க முடியாது. "முதலில் கையேட்டை வாசி" என்பது அவர்களின் வழமையான பதில். அந்தத் தொனி பிழை. ஆனால் கையேடு உண்மையில் நல்லது. ஆர்ச்விக்கி என்ற அவர்களின் கையேட்டை வேறு விநியோகங்களைப் பாவிப்பவர்களும் தேடி வாசிக்கிறார்கள்.

வைத்தியரை இரவு இரண்டு மணிக்கு எழுப்பும்போது தாதியர் பாவிக்கும் ஒரு முறை உண்டு. எஸ்பார் என்பார்கள். அமெரிக்கக் கடற்படையிலிருந்து வைத்தியசாலைகளுக்கு வந்தது. நிலைமை, பின்னணி, எங்கள் மதிப்பீடு, எங்களுக்கு வேண்டியது என்று நான்கையும் ஒழுங்காகச் சொல்லவேண்டும். "ஏழாம் அறை ஐயாவுக்குச் சுகமில்லை" என்று சொன்னால் எந்த வைத்தியரும் எரிந்துதான் விழுவார். "இரத்த அழுத்தம் இவ்வளவு, ஒரு மணி நேரத்துக்கு முன் இவ்வளவு, நேற்றுச் சத்திரசிகிச்சை, இரத்தம் கசிகிறதோ என்று நினைக்கிறோம், வந்து பாருங்கள்" என்றால் பாதிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே வருவார்.

பிள்ளைகளிடம் இதையே எழுதச் சொன்னோம். என்ன செய்யப் பார்த்தேன், எந்தக் கணினி, எந்தக் கட்டளையை அடித்தேன், திரை சொல்லுக்குச் சொல் என்ன சொன்னது, கையேட்டில் எந்தப் பகுதியை வாசித்தேன், என்ன முயன்றும் சரிவரவில்லை. ஜேர்னல்சிடிஎல் என்ற கட்டளை கணினியின் குறிப்பேட்டைத் திறந்து காட்டும். எத்தனை மணி எத்தனை விநாடிக்கு என்ன நடந்தது என்று அதில் இருக்கும். அதிலிருந்து பொருத்தமான சில வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதத் தொடங்கிய பதினோராம் வகுப்புத் தங்கை ஒருவர், கேள்வியை அனுப்புவதற்கு முன்பே பாதியில் நிறுத்திவிட்டு "ஆ, இது நான் எழுத்துப் பிழையா அடிச்சிருக்கிறன்" என்றார். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. அவர் சின்ன எஸ் அடித்திருந்தார்.

அந்தத் தங்கையைப் பற்றி இன்னும் ஒன்று. எங்கள் குழுவில் ஆர்ச்சைக் கையால் நிறுவி முடித்த முதல் ஆள் அவர். வீட்டில் கணினி பழுதானால் அண்ணாவைத்தான் கூப்பிடுவார்களாம். இப்போதும் அண்ணாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அண்ணா வந்து தங்கையிடம் கேட்கிறார். பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கேட்டால் என்ன என்று சில பிள்ளைகள் கேட்டார்கள். கேளுங்கள், ஆனால் அது தரும் கட்டளையை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். ஆர்ச் அடிக்கடி மாறுவது. பழைய பதிலையும் அது புதுப் பதில்போல நிச்சயமான குரலில் சொல்லும். கட்டளையின் முன்னால் மான் என்று அடித்தால் அந்தக் கட்டளைக்கான கையேடு திறக்கும். ஒவ்வொரு எழுத்தும் என்ன செய்யும் என்று அதில் பார்த்துவிட்டு அடியுங்கள். எங்கள் வேலையில் வைத்தியர் எழுதித் தந்த மருந்தையே ஏன், எவ்வளவு என்று விளங்காமல் நாங்கள் கொடுப்பதில்லை.

ஏயூஆர் என்ற இடத்திலும் இதே கவனம் தேவை. ஆர்ச்சின் அதிகாரபூர்வக் களஞ்சியங்களில் இல்லாத மென்பொருள்களுக்கான செய்முறைக் குறிப்புகளை யார் வேண்டுமானாலும் அங்கே போடலாம். பெரிய பொக்கிஷம்தான். ஆனால் அவற்றை ஆர்ச் பொறுப்பாளர்கள் முன்கூட்டியே சோதிப்பதில்லை. 2025 ஜூலையில், பிரபல உலாவிகளின் திருத்திய பதிப்புகள் என்ற பெயரில் மூன்று பொதிகளை ஒருவர் அங்கே போட்டார். நிறுவியவரின் கணினியைத் தூரத்திலிருந்து ஆளும் தீநிரல் ஒன்றை அவை இறக்கின. இரண்டு நாளில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். செய்முறைக் குறிப்பு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். எங்கிருந்து எதை இறக்குகிறது என்ற வரியையாவது வாசியுங்கள். விளங்காவிட்டால் நிறுவாதீர்கள்.

நிறுவியதோடு வேலை முடிவதில்லை. ஆர்ச்சுக்குப் பதிப்பு எண் இல்லை. அது ஓடிக்கொண்டேயிருக்கும் ஆறு. வாரம் ஒருமுறை முழுவதையும் புதுப்பியுங்கள். அதற்கு முன் ஆர்ச்சின் செய்தி அறிவிப்பைப் பாருங்கள். கையால் ஏதாவது செய்யவேண்டியிருந்தால் அங்கே சொல்லியிருப்பார்கள். ஒரு மென்பொருளை மட்டும் புதுப்பித்து மற்றதைப் பழையதாக விடுவதை அவர்கள் ஆதரிப்பதில்லை. ஒன்றையொன்று நம்பியிருக்கும் பொதிகள் அப்போது ஒத்துப்போகாமல் போகும். நீண்டகால ஆதரவு உள்ள எல்டிஎஸ் கேர்னலையும் பக்கத்தில் நிறுவி வைத்தால், புதிய கேர்னல் சண்டை பிடிக்கும் நாளில் பழையதைக் கொண்டு எழும்பலாம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு புதுப்பிக்காதீர்கள். இதைச் சொல்லியும் ஒரு தம்பி செய்தார். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவருடைய அம்மாவுக்கு அன்று நித்திரை இல்லை.

அலுமாரியில் இருந்த கணினிகளில் ஐந்து இப்போது ஓடுகின்றன. மூன்றில் மின்ற், இரண்டில் ஆர்ச். ஆறாவதின் வட்டு செத்துவிட்டது. அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஓய்வுநாள் பாடசாலைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அடுத்த சனிக்கிழமைகளிலும் பின்னேரம் மண்டபத்தில் இருப்போம். வருபவர்கள் பழைய கணினியையும், அதன் சார்ஜரையும், வெறுமையான 8 ஜிபிக்குக் குறையாத ஒரு யூஎஸ்பி குச்சியையும் கொண்டு வாருங்கள். பிட்லொக்கர் எண்ணைக் கடதாசியில் எழுதி வாருங்கள். வீட்டுப் படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, அந்த இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.